காட்டில் வழி தவறினால் எந்தத் தண்ணீரைக் குடிப்பது?

நீர்வீழ்ச்சிக்குக் குளிக்கப் போனவர்கள், மலையேறியவர்கள், தோட்டத்தை ஒட்டிய காட்டுக்குள் மீன் பிடிக்கப் போனவர்கள் வழி தவறிப்போவது அவ்வப்போது வரும் செய்திதான். மலேசியக் காட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. எது குடிக்கத் தக்கது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பாறைமேல் பளிங்குபோல் ஓடும் ஓடை சுத்தமானது என்ற நம்பிக்கை ஆபத்தானது. எலி முதலிய விலங்குகளின் சிறுநீரில் வரும் லெப்டோஸ்பிரா கிருமி கண்ணுக்குத் தெரியாது. 2010-இல் பகாங், லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடும் பணிக்குப் பின், எலிச்சிறுநீர்க் காய்ச்சலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் பரவி 8 பேர் உயிரிழந்தனர். குடித்தால்தான் என்றில்லை, தோலில் உள்ள காயம் வழியாகவும் இக்கிருமிகள் உடலுக்குள் நுழையும்.

ஆகவே முதலில் நாட வேண்டியது மழைநீர். மழைக்கோட்டையோ பிளாஸ்டிக் விரிப்பையோ நான்கு மூலையிலும் கட்டி, நடுவில் சிறு கல்லை வைத்தால் நீர் அங்கே தேங்கும். பச்சை மூங்கிலை ஆட்டிப் பார்த்துச் சலசலப்புக் கேட்டால் உள்ளே நீர் இருக்கிறது. தெளிவாகவும் வாடையின்றியும் இருந்தால் குடிக்கலாம். கொடியை வெட்டும்போது பால் வடிந்தால் விட்டுவிட வேண்டும். ரப்பர் சீவிய குடும்பங்களுக்குப் பாலை அடையாளம் காட்டத் தேவையில்லை!

ஓடை நீர்தான் கிடைக்கிறது என்றால், துணியில் வடிகட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலையில் 3 நிமிடம். பாத்திரம் இல்லையா? லெமாங் சுடுவதுபோல் பச்சை மூங்கிலில் நீரை ஊற்றி நெருப்பருகே சாய்த்து வைக்கலாம். வாயை மட்டும் அடைக்கக் கூடாது, வெடித்துவிடும்.

கொதிக்க வைத்தாலும் சரிவராத நீரும் உண்டு. மருந்தடிக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள்ளிருந்து வரும் கால்வாய் நீரில் கிருமி சாகும், களைக்கொல்லி போகாது. தோட்டத்துக்கு மேலே, காட்டுப் பக்கமிருந்து இறங்கும் நீரே மேல்.

நெருப்பு மூட்ட வழியே இல்லாவிட்டால்? இருப்பதில் தெளிவான நீரைக் குடிக்கத்தான் வேண்டும். நோய்க்கு மருந்து உண்டு. தாகமோ சில நாட்களிலேயே ஆளைச் சாய்த்துவிடும். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் கழித்தே தெரியவரும். வீடு திரும்பியபின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஏற்பட்டால், கிளினிக்கில் டிங்கி என்று நினைத்துவிடுவதற்குள் ஆற்று நீர் குடித்ததை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.