திண்ணையும் தெராகோயாவும்: ஆட்சிமாற்றமும் மரபுக் கல்வியின் போக்கும்

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, 1822 ஜூன் 25 அன்று எழுதிய குறிப்பொன்றில், மாகாணத்திலுள்ள பள்ளிகளைக் கணக்கிடுமாறு மாவட்ட ஆட்சியர்களைப் பணித்தார். பள்ளிகளின் எண்ணிக்கை, மாணவர் தொகை, அவர்தம் சாதி, கற்பிக்கப்படும் நூல்கள், மாணவர் செலுத்தும் கட்டணம் ஆகியவற்றை அவ்வாணை வேண்டிற்று. சரியாக அரை நூற்றாண்டு கழித்து, 1872இல், ஜப்பானின் மெய்ஜி அரசு ‘ககுசெய்’ எனப்படும் கல்விச் சட்டத்தை வெளியிட்டது. அச்சட்டம் நாட்டிலிருந்த மரபுப் பள்ளிகளைக் கணக்கில் கொள்ளாமலே புதிய பள்ளி அமைப்பு ஒன்றை வகுத்தது. பழைய பள்ளிகள் எத்தனை இருந்தன என்று அவ்வரசு விரிவாக உசாவத் தொடங்கியதோ 1880களில்தான். சென்னையில் எண்ணிய பின்னரும் முடிவு எடுக்கப்படவில்லை. ஜப்பானில் முடிவெடுத்த பின்னரே எண்ணினர். மரபுக் கல்வி ஆட்சிமாற்றத்தை எதிர்கொண்ட இருவேறு வழிகளை இவ்வேறுபாடு திறந்து காட்டுகிறது.

திண்ணைப் பள்ளியின் அமைப்பு

திண்ணைப் பள்ளி என்னும் பெயரே அதன் பொருளியலை உணர்த்துவது. கட்டடத்திற்கெனத் தனிச்செலவு இல்லை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ ஊர்ப் பெரியவர் ஒருவரின் திண்ணையோ கோயில் மண்டபமோ போதுமானது. மாணவன் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்னரே ஓலையையும் எழுத்தாணியையும் கைக்கொள்வான். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை என நீதிநூல்கள் வரிசையாக வரும். நிகண்டும் சதகமும் அந்தாதியும் அடுத்த நிலைக்கு உரியவை. மேல்நிலை மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரை மேற்பார்த்துப் பாடம் சொல்லி வைப்பான். மாலையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர் எனச் சொல்லி அனுப்பி, மறுநாள் கேட்கும் வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்துள்ளார். நினைவாற்றலைப் பயிற்றுவதே இவ்வழக்கத்தின் நோக்கம்.

ஆசிரியரின் வருவாய் பல வழிகளில் வந்தது. மாதச் சம்பளத்தோடு தானியம், விழாக்கால அன்பளிப்பு, நவராத்திரியில் மாணவர் வீடுதோறும் பாடிச் சென்று பெற்றுவரும் பொருள் ஆகியன சேரும். இவ்வகையில் ஆசிரியர் ஊரின் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஊரின் விளைச்சலுக்கும் கட்டுப்பட்டவர். மழை பொய்த்தால் பள்ளியும் மெலியும்.

இப்பள்ளிகளின் கல்வியை நீதிநூல் மனப்பாடம் என்று மட்டும் கருதும் போக்கு ஆய்வுலகில் நெடுநாள் நிலவியது. அதன் மறுபாதி எண்சுவடி. நெல்லளவு, நிலவளவு, பொன்னின் எடை ஆகியவற்றுக்கான வாய்பாடுகளும் கீழ்வாயிலக்கமும் அதில் அடங்கும். முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 எனச் செல்லும் பின்னங்களை மாணவர் கூட்டாக ஒலித்துக் கற்றனர். சதுரமான நிலத்தின் பரப்பைக் காண உதவும் குழிமாற்று வாய்பாடும் இவ்வகைப்பட்டதே. இவை பள்ளிக்கென ஆக்கப்பட்ட கணக்குகள் அல்ல. ஊர்க்கணக்குப்பிள்ளையின் ஓலையிலும் வணிகனின் பேரேட்டிலும் அன்றாடம் புழங்கியவை. பள்ளியில் கற்ற பின்னத்தை ஊரின் வரிக்கணக்கில் காணலாம் என்னும் இத்தொடர்பே, எழுதப்படாத சட்டம் போல, பள்ளியைத் தாங்கி நின்றது.

மன்றோவின் கணக்கை வாசித்தல்

ஆட்சியர்களின் மறுமொழிகளைத் தொகுத்து மன்றோ 1826 மார்ச் 10 அன்று எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பள்ளி செல்லும் அகவையினர் மக்கள்தொகையில் ஒன்பதில் ஒரு பங்கு எனக் கொண்டு, அவ்வகவையுடைய ஆண் பிள்ளைகளுள் நான்கில் ஒருவருக்குச் சற்று மிகுதியானோர் பள்ளியில் இருந்தனர் என்றும், வீட்டில் கற்போரைச் சேர்த்தால் மூன்றில் ஒருவரை நெருங்கும் என்றும் அவர் மதிப்பிட்டார். ஆசிரியர் ஒருவருக்கு மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் வருவதில்லை என்பதும் அக்குறிப்பில் உள்ளது.

தரம்பால் 1983இல் இவ்வாவணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது, காலனிய ஆட்சிக்கு முன் இந்தியர் கல்வியற்று இருந்தனர் என்ற கருத்து ஆட்டம் கண்டது. தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் ‘சூத்திரர் மற்றும் பிற சாதியினர்’ 70 விழுக்காட்டிலிருந்து தென்னார்க்காட்டில் 84 விழுக்காடு வரை இருந்தனர் என்னும் செய்தி பெரிதும் எடுத்தாளப்பட்டது. அதை மறுப்பதற்கு இடமில்லை. எனினும் அதை வாசிக்கும் முறையில் கவனம் வேண்டும். ‘சூத்திரர்’ என்ற அந்தக் கட்டத்திற்குள் நிலவுடைமை பெற்ற வேளாளரும் வணிகச் சாதியினரும் அடங்குவர். ‘பிற சாதியினர்’ என்ற கட்டம் எல்லா மாவட்டங்களிலும் ஒரே பொருளில் நிரப்பப்பட்டதாகக் கொள்ள இயலாது. அதைத் தீண்டாமைக்கு உள்ளானோர் எனக் கொள்வதற்குச் சான்று போதாது. அக்கிரகாரத்தின் அல்லது ஊர்த்தெருவின் திண்ணையில் யார் ஏறி அமரலாம் என்பதைச் சாதி முன்னரே முடிவுசெய்திருந்தது. பெண்பிள்ளைகளோ, மன்றோவின் தொகைப்படி, 5,000 பேர் கூட இல்லை. மரபுக் கல்வி அனைவருக்குமானதாக இருந்தது என்ற கூற்றும், இங்கே கல்வியே இல்லை என்ற கூற்றும் ஒரே அட்டவணையின் முன் தோற்றுவிடுகின்றன.

அட்டவணையினும் வளமான சான்று பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்பெல் 1823இல் அனுப்பிய மறுமொழி. அம்மாவட்டத்தில் 533 பள்ளிகளும் 6,641 மாணவரும் இருந்தனர். கன்னடத்தில் 235, தெலுங்கில் 226 என்றிருக்க, தமிழில் கற்பித்தவை 4 மட்டுமே. ஐரோப்பியத் துணி இறக்குமதியால் நெசவு நலிந்ததும், முன்பு உள்ளூரிலேயே செலவான செல்வம் வெளியேறியதும் மக்களை வறியவராக்கின என்றும், அவ்வறுமையே பள்ளிகள் தேய்ந்ததற்குக் காரணம் என்றும் ஆட்சியாளர் தரப்பிலிருந்தே அவர் எழுதினார். மணலில் எழுதும் சிக்கனத்தையும் மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் போற்றிய அவரே, பேச்சு வழக்கிலிருந்து விலகிய செய்யுள்களைப் பொருளறியாது உருப்போடும் வழக்கத்தைக் கண்டித்தார். இவ்விரண்டையும் ஒருசேர எடுத்துரைக்கும் ஆய்வுகள் குறைவு. தத்தம் கட்சிக்கு உரிய பாதியை எடுத்துக்கொண்டவையே மிகுதி.

‘சென்னை முறை’யின் பயணம்

கேம்பெல் போற்றிய முறை அதற்கு முன்னரே கடல் கடந்திருந்தது. எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழையாதபோது மூத்த மாணவரைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தார். இதைக் குறித்து அவர் 1797இல் இலண்டனில் வெளியிட்ட சிறுநூலால் ‘சென்னை முறை’ என்னும் பெயர் பரவியது. ஜோசப் லங்காஸ்டரும் இலண்டனில் இதையொத்த முறையைக் கையாண்டார். முதற்கண்டுபிடிப்பு யாருடையது என்று இருவரின் ஆதரவாளரும் பூசலிட்டனர். திண்ணையின் பெயர் அப்பூசலில் அரிதாகவே எழுந்தது.

இங்கிலாந்து சென்ற முறை திண்ணையின் முறையாகவே நீடித்தது எனக் கூற இயலாது. சட்டாம்பிள்ளை, ஒவ்வொரு மாணவனும் தன் போக்கில் முன்னேறும் சிறு குழுவொன்றில் இயங்கியவன். அங்கோ அவன் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் ஒழுங்குபடுத்தும் கருவியானான். ஆலைத் தொழில் வளர்ந்த சமூகத்தின் தேவை அதுவாக இருந்தது. கற்பித்தல் உத்தி ஒன்று தன் சமூகச் சூழலைக் கழற்றிவிட்டு நாடு கடக்கும்போது, பெயர் மாறாமல் பொருள் மாறுவதற்கு இது தக்க சான்று.

இங்கே மன்றோ, மாவட்டந்தோறும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு பள்ளிகளையும், தாசில்தோறும் ஒரு பள்ளியையும் ஆண்டுக்கு 48,000 ரூபாய்ச் செலவில் நிறுவ முன்மொழிந்தார். அடுத்த ஆண்டே அவர் இறந்தார். தாசில் பள்ளிகளும் 1836இல் கைவிடப்பட்டன. 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கைக்குப் பின்னர் உதவிநிதி முறை வந்தது. தேர்வு முடிவுக்கேற்ப உதவிப்பணம் என்ற ஏற்பாடு 1860களில் திண்ணை ஆசிரியரையும் தன் வலைக்குள் இழுத்தது. அவ்வுதவியைப் பெற விரும்பியவர் அரசு வகுத்த பாடநூலைக் கற்பித்து, ஆய்வாளர் முன் மாணவரை நிறுத்த வேண்டும். யாரும் திண்ணைப் பள்ளியை மூடவில்லை. ஆசிரியர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் மாறியது.

ஜப்பான்: எரிக்கப்பட்ட பள்ளிகள்

தெராகோயா என்பது எதோ காலத்து ஜப்பானில் பொதுமக்களின் பிள்ளைகள் கற்ற சிறு பள்ளி. கோயிலைக் குறிக்கும் சொல்லை அப்பெயர் தாங்கியிருப்பினும், துறவியரோடு சாமுராய்கள், மருத்துவர், ஊர்த்தலைவர் எனப் பலரும் அங்கு ஆசிரியராக இருந்தனர். எதோ நகரில் பெண் ஆசிரியரும் இருந்தனர். தூரிகையால் எழுத்துப் பயிலுதல் முதற்பாடம். கடித வடிவில் அமைந்த ‘ஓராய்மோனோ’ நூல்கள் உழவர்க்கும் வணிகர்க்கும் வேறுவேறாக இருந்தன. மணிச்சட்டக் கணக்கும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பாடம். ஆசிரியருக்கு அரிசியும் பணமும் பருவகால அன்பளிப்பும். திண்ணைப் பள்ளியை அறிந்தவருக்கு இவற்றுள் எதுவும் புதிதன்று.

1872ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டை 8 பல்கலைக்கழக வட்டங்களாகப் பிரித்து, 53,760 தொடக்கப்பள்ளிகளைத் திட்டமிட்டது. கல்வியைத் தனிமனிதர் வாழ்வில் உயர்வதற்கான முதலீடாகக் கருதி, அதன் செலவைப் பெற்றோரும் ஊரும் ஏற்க வேண்டும் என்றது. மரியன் ஸ்காட் என்னும் அமெரிக்கர் தோக்கியோ ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், ஒரு வகுப்பு முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒரே பாடம் நடத்தும் முறையைக் கற்பித்தார். ஆனால் தொடக்ககாலப் புதிய பள்ளிகளுள் பெரும்பாலானவை கோயில்களிலும் தனியார் வீடுகளிலும்தான் நடந்தன. ஆசிரியருள் பலர் நேற்றைய தெராகோயா ஆசிரியரே.

மக்கள் இதை வாழ்த்தி ஏற்கவில்லை. கட்டாயப் படைச்சேவை, புதிய நிலவரி ஆகியவற்றோடு பள்ளிக்கட்டணமும் சேர்ந்தபோது உழவர் கிளர்ந்தனர். 1873இல் மிமசாகாப் பகுதியிலும் 1876இல் இசேப் பகுதியிலும் பள்ளிகள் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. இதைக் கல்வியின் மீதான வெறுப்பாகக் காண்பது பிழை. தெராகோயாவுக்கு விரும்பிக் காணிக்கை கொடுத்த அதே குடும்பங்கள்தாம் இவை. ஊர் தெரிந்தெடுத்த ஆசிரியருக்கு இயன்றதைக் கொடுப்பது வேறு. தொலைவிலுள்ள அரசு விதித்த தொகையைக் கட்டுவது வேறு. வயலுக்கும் கடைக்கும் உதவிய கடித நூலின் இடத்தில், மேலை நூல்களை மொழிபெயர்த்த பாடங்கள் வந்திருந்தன.

பின்வாங்கல் 1879இல் நேர்ந்தது. அதிகாரத்தைத் தளர்த்திய கல்வியாணை ஒன்று அவ்வாண்டு வெளிவந்தது. பேரரசரின் கன்பூசிய ஆசானாகிய மொதோதா, மேலைக் கல்வி ஒழுக்கத்தைக் குலைத்ததாகக் கருதி, அறக்கல்வியை முதன்மைப்படுத்தும் வாசகத்தை வரைந்தார். இதோ ஹிரோபுமி அதை மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டிலேயே அறக்கல்வி பாடவரிசையின் தலைப்புக்கு வந்தது. 1890இல் கல்வி குறித்த பேரரசப் பிரகடனம் வெளியானது. மாணவர் அதை மனப்பாடம் செய்தனர். விழாக்களில் தலைமையாசிரியர் அதைப் பயபக்தியோடு படித்தார். 1872இல் பழமை என்று தள்ளப்பட்ட மரபு, 18 ஆண்டுகளில் அரசின் மரபாக மீண்டது. ஆனால் மீண்டது தெராகோயாவின் மரபன்று. அங்கே உழவன் மகனுக்குத் தேவைப்பட்ட கடிதமும் கணக்கும் இருந்தன. பள்ளிக்குள் வந்ததோ அரசனுக்கும் பெற்றோருக்கும் கடமைப்பட்ட குடிமகனைப் பற்றிய வாசகம். 1900இல் தொடக்கக்கல்விக் கட்டணம் நீக்கப்பட்ட பின்னர்ப் பள்ளி வருகை 90 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த வெற்றியும் இந்தப் பிரகடனமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. 1948இல் ஜப்பான் நாடாளுமன்றம் அப்பிரகடனம் செல்லாது என அறிவித்தது.

சீனத்தின் ஒப்புமை

சீனத்தில் மரபின் முடிச்சு பள்ளியில் இல்லை; தேர்வில் இருந்தது. 1,300 ஆண்டுப் பழமையுடைய அரசுப்பணித் தேர்வைச் சிங் அரசு 1905இல் நீக்கியது. ஊர்ப்புறக் கற்றோரை அரியணையோடு பிணைத்திருந்த கயிறு அது. அக்கயிறு அறுந்தபின் அவர்தம் பிள்ளைகள் நகரத்துப் புதுப்பள்ளிகளுக்குச் சென்றனர். 1911இல் அரசு வீழ்ந்தபோது அதைக் காக்க அவர்களுக்குக் காரணம் குறைவாக இருந்தது. வியப்பு என்னவெனில், ‘சிஷு’ எனப்படும் ஊர்த் தனிப்பள்ளிகள் தேர்வு மறைந்த பின்னரும் பல பத்தாண்டுகள் நடந்தன. பதவிக்கு வழிகாட்டாத செவ்வியல் நூலுக்கும் பெற்றோர் பணம் கொடுத்தனர். திருமண ஓலை, நிலப்பத்திரம், விழா வாசகம் ஆகியவற்றை எழுத வல்லவர் ஊருக்குத் தேவைப்பட்டனர்; புதுப்பள்ளி அவர்களை உருவாக்கவில்லை.

எஞ்சியவையும் மறைந்தவையும்

தமிழ்ச் சூழலில் எது எஞ்சியது என்பதை இவ்வொப்புமையின் ஒளியில் காணலாம். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அச்சேறி, அரசுப் பாடநூலுக்குள்ளும் இடம்பெற்று இன்றளவும் கற்பிக்கப்படுகின்றன. பொருளறியாது உருப்போடப்படுவதாகப் பழிக்கப்பட்ட பகுதியே நிலைத்தது. ஊர்வாழ்வோடு நேரடியாகப் பிணைந்திருந்த எண்சுவடியோ, வருவாய்த்துறையின் பதிவேடு ஓலையிலிருந்து தாளுக்கும், குழியிலிருந்து ஏக்கருக்கும் மாறியபோது தன் பயனை இழந்தது. மலிவுப் பதிப்புகளாக அது சிலகாலம் விற்பனையானது. பின்னர் அதுவும் அருகியது. நீதிநூலைத் தாங்குவதற்கு அறம் பற்றிய பொதுமதிப்பு போதும். பின்ன வாய்பாட்டைத் தாங்குவதற்கு அதே அளவைகளில் வரிகட்டும் சமூகம் வேண்டும். மாகாணி என்னும் சொல்லை இன்றும் முதியோர் பேச்சில் கேட்கலாம். மாவும் காணியும், அதாவது 1/20உம் 1/80உம் கூடி 1/16 ஆவதே மாகாணி என்பது எண்சுவடிப் பாடத்தோடு நின்றுவிட்டது.