ஒருவரே எல்லாம் செய்யலாமா?

மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் தமிழர்கள் பலர். மாவு அரைப்பதும், அவிப்பதும், விற்பதும் ஒருவரே என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று வருமானம் இல்லை.

தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்தைச் சேர்ந்தவர் பிரேம் கணபதி. 1990-இல் மும்பைக்கு வந்தார். பாத்திரம் கழுவினார். 1992-இல் வாஷியில் தள்ளுவண்டியில் இட்லி, தோசை விற்றார். சகோதரர்களைத் துணைக்கு அழைத்தார். பிறகு கடை வைத்தார். 'தோசா பிளாசா' என்ற பெயரில் பல ஊர்களில் கிளைகள் வந்தன.

எல்லாக் கடையிலும் அவரே தோசை சுட முடியுமா? முடியாது. பிறர் கற்றுச் செய்தால்தான் தொழில் வளரும்.

நீங்களும் செய்யலாம். அரிசி, உளுந்து அளவை எழுதி வையுங்கள். ஒருவருக்குப் பழக்குங்கள். ஒரு வேலையை முழுதாக அவரிடம் விடுங்கள். ருசியையும் கணக்கையும் தினமும் நீங்கள் பாருங்கள்.

முதலில் எந்த வேலையைக் கொடுப்பீர்கள்?