பிஞ்சு மூளையும் குடல் பாக்டீரியாவும்

கிருமியே இல்லாத எலியை வளர்ப்பது லேசான காரியமல்ல. தாயின் வயிற்றைக் கீறி எடுத்த குட்டியை, காற்றுகூட வடிகட்டப்பட்டே நுழையும் கூண்டில் விடுவார்கள். தீவனம், தண்ணீர் எல்லாம் கிருமி நீக்கியவை. தொடவேண்டுமென்றால் கூண்டின் சுவரில் பொருத்தியிருக்கும் கையுறைக்குள் கைவிட்டுத்தான் தொடவேண்டும். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நொபுயுகி சூடோ குழுவினர் இத்தகைய எலிகளை அசைய முடியாதபடி அடைத்துவைத்துச் சோதித்தார்கள். சாதாரண எலிகளைவிட இவற்றுக்கு அழுத்த ஹார்மோன் அதிகமாகச் சுரந்தது. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற ஒற்றை பாக்டீரியா குடியேறிய எலிகளிடம் அந்த மிகை இல்லை. 2004-ல் வெளியான இந்த ஆய்வில் முக்கியமானது வேறொன்று. சாதாரண எலிகளின் குடல் கிருமிகளை இளம் வயதில் கொடுத்தபோது கோளாறு ஓரளவு சரியானது. காலம் கடந்து கொடுத்தபோது பலிக்கவில்லை.

2011-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்களும் இளம்பருவமே முக்கியம் என்று கண்டார்கள். ஆனால் அவர்களுடைய கிருமியில்லா எலிகள் பயமின்றித் திரிந்தன! ஹார்மோன் ஒன்று சொல்ல, நடத்தை வேறொன்று சொல்கிறது. ‘நல்ல பாக்டீரியா இருந்தால் பதற்றம் போகும்’ என்று விளம்பர பாணியில் சுருக்க இது இடம் கொடுக்காது.

குடலிலிருந்து மூளைக்குச் சேதி போவது எப்படி? வேகஸ் நரம்பு ஒரு பாதை. ரத்தம் இன்னொன்று. ரத்த வழிச் சேதிக்கு ஓர் உதாரணம்: நார்ச்சத்தை பாக்டீரியாக்கள் நொதிக்கவைக்கும்போது குட்டைச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. மூளையைக் காவல் காப்பதோடு, வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துக்கட்டுபவை மைக்ரோக்ளியா செல்கள். கிருமியில்லா எலிகளில் இவை முதிராமலே நின்றுவிடுகின்றன என்று 2015-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த அமிலங்களைக் குடிநீரில் கலந்து கொடுத்ததும் பெருமளவு தேறின.

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைகள் உண்டு. அவை, சூடோவின் எலிகளில் பார்த்த இன்ஃபான்டிஸ் போன்ற, குடலிலுள்ள பிஃபிடோபாக்டீரியாவுக்கான தீனி.

மனிதக் குழந்தைகளிடம் கிடைத்த சான்று இன்னும் மெலிந்ததுதான். அமெரிக்காவின் வட கரோலினாவில் 89 குழந்தைகளின் மலத்தை ஒரு வயதில் பரிசோதித்து, இரண்டு வயதில் அறிதிறனை அளந்தார்கள். பாக்டீராய்ட்ஸ் என்ற பாக்டீரியா வகை மிகுந்த குழந்தைகள் முன்னணியில் இருந்தனர். கிருமி வகைகள் கூடுதலாக இருந்தவர்களோ, எதிர்பார்ப்புக்கு மாறாக, குறைந்த மதிப்பெண் பெற்றனர். இது வெறும் தொடர்புதான். காரணம் என்று சொல்ல முடியாது. சிசேரியன் குழந்தைகளிடம் பாக்டீராய்ட்ஸ் ஆரம்பத்தில் குறைவு என்பதைக் கேட்டுப் பதறும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சொட்டு மருந்தாக பாக்டீரியாவைக் கொடுத்துவிடலாமே என்றால், குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் அது விளையாட்டல்ல. 2023-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதுபற்றி மருத்துவர்களை எச்சரித்தது. ப்ரோபயாட்டிக் எனப்படும் அத்தகைய பாக்டீரியாத் தயாரிப்பு கொடுக்கப்பட்ட ஒரு குழந்தை ரத்தத் தொற்றால் இறந்திருந்தது. ரத்தத்தில் இருந்தது அந்தத் தயாரிப்பிலிருந்த அதே இன்ஃபான்டிஸ்.