எந்த பைட் முதலில்?

1-4-1960 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன் அது. இந்தத் தேதியை ஓர் அமெரிக்கரிடம் காட்டுங்கள். ஜனவரி 4 என்பார். நாள் முதலா, மாதம் முதலா என்று எங்கும் எழுதியிருக்கவில்லையே!

கம்ப்யூட்டருக்குள்ளும் இதே தகராறுதான். ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும். பெரிய எண்ணைப் பல பைட்டுகளாகப் பிரிக்க வேண்டும். பெரிய மதிப்புள்ள பைட் முன்னால் வந்தால் பிக் எண்டியன்; சிறியது முன்னால் வந்தால் லிட்டில் எண்டியன். இன்டெல் சிப்புகள் இரண்டாம் கட்சி, இணைய நெறிமுறைகள் முதல் கட்சி. இந்தப் பெயர்களைச் சூட்டிய டேனி கோஹனின் கட்டுரைத் தேதியும் 1-4-1980 என்பது தற்செயல்.

விசைத்தறிக் கூடங்களில் மின்மீட்டர் பொருத்தி, அளவுகளைத் திரையில் காட்டும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. பொதட்டூர்பேட்டையில் ஒரு கூடம். தறிகள் தடதடக்கின்றன, திரையில் வோல்டேஜ் 0.0.

“தம்பி, தறி ஓடுது. உன் மிஷின் கரன்ட்டே இல்லைங்குதே!” என்றார் முதலாளி. மீட்டரைத் தட்டியும் பார்த்தார்.

மீட்டரில் கோளாறில்லை. 230 வோல்ட் என்பதைத் தசமப் புள்ளியுள்ள எண்ணாக எழுதினால் நான்கு பைட்டில் 67, 102, 0, 0 என்று அமையும். அது 0, 0, 67, 102 என்று அனுப்பிக்கொண்டிருந்தது. நேராக வாசித்தால் பூஜ்யத்தை ஒட்டிய துளி எண். மீட்டர் பேசுவது 1979-ல் வந்த மோட்பஸ் நெறிமுறை. ரெஜிஸ்டர் என்ற இரண்டு பைட் பெட்டிக்குள் பெரியது முதலில் என்று அது தெளிவாகச் சொல்கிறது. இரண்டு ரெஜிஸ்டரைச் சேர்த்தால் எது முதலில்? அதைச் சொல்லவில்லை, கம்பெனிக்கு ஒரு வழக்கம். அந்த மீட்டரின் கையேட்டில் ஸ்குரூ முறுக்கப் படம் இருந்தது, இதற்கு ஒரு வரி இல்லை.

0.0 வந்தாலாவது சந்தேகம் வரும். 1, 2 என்ற பைட்டுகள் ஒரு வரிசையில் 258, மறு வரிசையில் 513. இரண்டுமே நம்பும்படியான யூனிட் கணக்கு! எழுத்து இந்த விஷயத்தில் நேர்மையானது. யூடிஎஃப்-16 முறையில் ‘முருகா’ என்று அனுப்பி, பைட்டுகளைப் புரட்டி வாசித்தால் ஐந்து கொரிய எழுத்தும் ஒரு சீன எழுத்தும் வந்து நிற்கும். தணிகை முருகனே குழம்பிவிடுவார், ஆனால் தப்பு பளிச்சென்று தெரியும்.

லினக்ஸ்காரர்கள் இதை நிரலிலேயே எழுதிவைக்கிறார்கள். சாதனத்திலிருந்து வரும் எண்ணுக்கு வரிசையைச் சொல்லும் தனி வகைப்பெயர். மாற்றிக் கலந்தால் ஸ்பார்ஸ் என்ற கருவி எச்சரிக்கும். விர்ச்சுவல் மெஷின்களுக்கான விர்ட்டியோ சாதனங்களில் முன்பு, உள்ளே ஓடும் சிஸ்டத்தின் வரிசை எதுவோ அதுவே என்று விட்டிருந்தார்கள். இரு வரிசையிலும் ஓடக்கூடிய பிராசசர்களில் அது தலைவலியானது. பின்னர் தரநிலையாக வந்த 1.0 பதிப்பு, லிட்டில் எண்டியன் என்று ஒரேயடியாக முடித்துவிட்டது. எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம், எழுதிவைத்தால் போதும்.

பிக், லிட்டில் என்று மட்டும் எழுதினாலும் போதாது. நான்கு பைட்டுகளைப் பெரியதிலிருந்து ஏ, பி, சி, டி என்று கொண்டால், மீட்டர் சந்தையில் ஏபிசிடி, சிடிஏபி, பிஏடிசி, டிசிபிஏ என நான்கு வரிசையும் புழங்குகின்றன. அதனால் கம்பெனிக்காரரிடம் ஒரு மாதிரி எண்ணும் அதன் பைட்டுகளும் கேட்டு வாங்குகிறேன். 230 வேண்டாம், அதில் இரண்டு பைட் பூஜ்யம். 230.1 என்றால் 67, 102, 25, 154. நான்கும் வேறுவேறு, எது எங்கே நகர்ந்தாலும் தெரிந்துவிடும்.