ஓட்டப் பந்தயப் படிவத்தில் எங்கள் கையொப்பம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் இதயநோய்ப் புறநோயாளர் பிரிவுக்கு ஒரு புதுவகைத் தாள் வரத் தொடங்கும். ஊர்தோறும் உள்ள ஓட்டக் கழகங்களும் மூத்தோர் தடகளச் சங்கங்களும் நடத்தும் பந்தயங்களுக்கான விண்ணப்பப் படிவம் அது. "இவர் பங்கேற்கும் உடற்தகுதி உடையவர்" என்னும் வரியின் கீழே மருத்துவர் கையொப்பமிட இரண்டு அங்குல இடம் விட்டிருப்பார்கள். படிவத்தை நீட்டுபவரின் முகத்தில் ஆவல் தெரியும். அருகில் அமர்ந்திருக்கும் மனைவியின் முகத்தில் அச்சம் தெரியும். "ஸ்டென்ட் வைத்த உடம்பு டாக்டர், வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று அவர் கண்ணாலேயே கெஞ்சுவார். அந்த இரண்டு அங்குலத்தில் கையொப்பமிடுமுன் நாங்கள் எவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கிறோம் என்பதை இருவருமே அறிந்திருப்பது நல்லது.

இப்பந்தயங்கள் இளைஞர்களுக்கு மட்டும் உரியனவாக இருந்த காலம் போய்விட்டது. சென்னையில் விடியுமுன்னே தொடங்கும் மாரத்தானிலும், கோவையில் புற்றுநோய் அறக்கட்டளை ஒன்றுக்காக நடைபெறும் மாரத்தானிலும், பரிசும் நேரக்கணக்கும் இல்லாத ஆரோவில் ஓட்டத்திலும் நரைத்த தலைகள் ஏராளம். 42.195 கிலோமீட்டர் முழு ஓட்டத்தோடு 10 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் எனச் சிறு தொலைவுகளையும் கழகங்கள் வைக்கின்றன. மூத்தோர் தடகளத்திலோ 35 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துப் போட்டி நடத்துகிறார்கள். குண்டு எறிதலை எடுத்துக்கொள்ளுங்கள். 7.26 கிலோ குண்டை எறிந்த ஆடவர், 50 வயதில் 6 கிலோவுக்கும், 60-இல் 5 கிலோவுக்கும், 70-இல் 4 கிலோவுக்கும், 80-இல் 3 கிலோவுக்கும் இறங்குகிறார். உடலின் வயதுக்கேற்பச் சுமையைக் குறைக்கும் இந்த விதியை வகுத்தவர்கள் மருத்துவர்களைப் போலவே சிந்தித்திருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றும்.

2022-இல் பின்லாந்தின் டாம்பெரே நகரில் நடந்த உலக மூத்தோர் தடகளப் போட்டியில் பகவானி தேவி என்னும் 94 வயது அம்மையார் 100 மீட்டரை 24.74 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். அந்தக் காணொளியைக் கைப்பேசியில் காட்டி, "இவரால் முடிகிறதே" என்று எங்களிடம் வாதிடுவோர் உண்டு. அவரால் முடிந்தது என்பதற்காக நாங்கள் கையொப்பமிட இயலாது. ஆயினும், இதயநோய் வந்தவர் ஓடவே கூடாது என்று கூறவும் எங்களுக்கு ஆதாரம் இல்லை. கனடாவின் டொராண்டோ நகர மறுவாழ்வு மையத்தில் டெரன்ஸ் கவானா என்னும் மருத்துவரிடம் படிப்படியாகப் பயிற்சி பெற்ற, மாரடைப்பிலிருந்து மீண்ட சிலர், 1973-ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் மாரத்தானில் ஓடினார்கள். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தும் வழக்கம் முற்றிலும் மறையாத காலம் அது.

அப்படியானால் ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை அரை மாரத்தானும் முழு மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வில், 59 பேருக்கு ஓட்டத்தின்போதோ முடிந்தவுடனேயோ இதயத்துடிப்பு நின்றது. அவர்களுள் 42 பேர் இறந்தனர். அதே குழுவினர் 2010 முதல் 2023 வரையிலான காலத்தை மீண்டும் ஆராய்ந்தபோது, துடிப்பு நிற்கும் விகிதம் ஏறத்தாழ மாறவில்லை. ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்ற அளவைக்கூட அது எட்டவில்லை. ஆனால் இறப்பவர்களின் பங்கு பத்தில் ஏழிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. பாதையோரத்தில் நின்றவர்கள் உடனே மார்பை அழுத்தத் தொடங்கியதும், மின்அதிர்ச்சிக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததும் அதற்கு முதன்மைக் காரணங்கள்.

இந்த எண்கள் எல்லா ஓட்டக்காரர்களையும் சேர்த்துக் கணக்கிட்டவை. இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு ஆபத்து கூடுதல் என்பதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. பிந்தைய ஆய்வில் காரணம் கண்டறியப்பட்டவர்களுள் மிகுதியானோருக்கு இருந்தது அந்த அடைப்பு நோயே.

முந்தைய ஆய்வில் மற்றொரு செய்தி உண்டு. பெரும்பாலானோர் வீழ்ந்தது ஓட்டத்தின் கடைசிக் கால்பகுதியில். முடிவுக்கோடு கண்ணில் பட்டதும் எஞ்சிய வலிமையையெல்லாம் திரட்டி விரைவது மனித இயல்பு. அங்கே நின்று "இன்னும் வேகமாக!" என்று கூவுவது குடும்பத்தாரின் இயல்பு. எங்கள் நோயாளர்களின் இல்லத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இது: முடிவுக்கோட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பாகவே நில்லுங்கள், உங்களைக் கண்டதும் அவர் வேகத்தைக் குறைத்து, கையசைத்து, இரண்டு சொல் பேசிவிட்டுப் போகட்டும். மூச்சுவாங்காமல் அந்த இரண்டு சொல்லைப் பேச முடியாவிட்டால் அவர் நடக்க வேண்டும்.

இப்பேச்சுச் சோதனையை எளியதென்று தள்ளிவிடாதீர்கள். 220-இலிருந்து வயதைக் கழித்து நாடித்துடிப்பின் உச்சத்தைக் கணக்கிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஓடுபவர்கள் பலர். மெட்டோபிரோலால், பிசோபிரோலால் போன்ற மாத்திரை உட்கொள்பவருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. மருந்து துடிப்பை அடக்கி வைத்திருக்கும். கடிகாரம் "இன்னும் விரையலாம்" என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

கையொப்பத்திற்கு முன் எக்கோ சோதனையில் இதயத்தின் சுருங்கும் ஆற்றலைப் பார்க்கிறோம். டிரெட்மில் சோதனையில் நெஞ்சுவலியோ துடிப்புக் கோளாறோ எழுகிறதா என்று பார்க்கிறோம். இவை நன்றாக இருப்பது மட்டும் போதாது. நன்றாக அமைந்த டிரெட்மில் முடிவு நாளைக்கு மாரடைப்பு வராது என்னும் உறுதிமொழி ஆகாது. எனவே நாங்கள் அதிகம் கேட்பது கடந்த மூன்று மாதங்களைப் பற்றியே. வாரத்தில் எத்தனை நாள் நடந்தீர்கள்? எவ்வளவு தொலைவு? படியேறும்போது முன்பு இல்லாத இளைப்பு உண்டா? பயிற்சியின்றிப் பந்தயத்தன்று மட்டும் ஓட வருபவருக்கு, சோதனை முடிவுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், நாங்கள் மறுத்துவிடுகிறோம். தடகளத்தில் 100 மீட்டர் விரைவோட்டத்திற்கும் குண்டு எறிதலுக்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. உடல் சூடேறுமுன் திடீரென விரைவதும், மூச்சை அடக்கிப் பளுவை உந்துவதும் இரத்த அழுத்தத்தை நொடிப்பொழுதில் உயர்த்திவிடும்.

மருந்துகளைப் பற்றிச் சில சொற்கள். மூட்டுவலிக்கு அஞ்சி ஓட்டத்திற்கு முன் டைக்ளோபினாக், இபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகளை விழுங்கும் வழக்கம் ஓட்டக் கழகங்களில் பரவியிருக்கிறது. நீரிழந்த உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும்; இதயநோயருக்கு அவை ஆகவே ஆகா. ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் உட்கொள்பவர் இடறி விழுந்தால் இரத்தம் எளிதில் நிற்காது, தலையில் அடிபட்டால் சிறு காயமென்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும். தாகம் எடுக்கும் அளவுக்கு நீர் அருந்துங்கள். ஒவ்வொரு மேசையிலும் குவளை குவளையாக வெறுந்தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. முந்தைய நாள் காய்ச்சல் இருந்தாலோ, கட்டிய பணம் போனாலும் போகட்டும், ஓடாதீர்கள். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையையும் தொட்டிருக்கும்.

பந்தயம் நடத்தும் கழகத்தாரிடம் நீங்களும் கேள்வி கேட்கலாம். மின்அதிர்ச்சிக் கருவி எத்தனை, எங்கே வைத்திருக்கிறீர்கள்? தண்ணீர் மேசையில் நிற்கும் தொண்டர்களுக்கு மார்பழுத்தப் பயிற்சி உண்டா? கடைசி இரண்டு கிலோமீட்டருக்குள் ஆம்புலன்ஸ் நுழைய வழி விட்டிருக்கிறீர்களா? விடை மழுப்பலாக இருந்தால் அடுத்த பந்தயத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லத்தாரும் மார்பழுத்தக் கற்றுக்கொள்வது நல்லது. நெஞ்சின் நடுவே இரு கைகளால் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குச் சற்றும் குறையாமல் அழுத்த வேண்டும். உடனிருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

நாங்கள் மறுக்கும் படிவங்களும் உண்டு. இதயம் மிகத் தளர்ந்தவர், வால்வு கடுமையாகச் சுருங்கியவர், அண்மையில் மாரடைப்பு வந்தவர் ஆகியோருக்கு இவ்வாண்டு "இல்லை" என்கிறோம். அவர்களுள் சிலர் கழகத்தைக் கைவிடாமல் நேரம் குறிப்பவராகவும் நீளம் தாண்டலை அளப்பவராகவும் களத்தில் நிற்கிறார்கள். அந்த விடியற்காலைத் தோழமை, நாங்கள் எழுதித்தர இயலாத ஒரு மருந்து.

படிவம் கொண்டுவருவோர் பந்தயத்திற்கு ஆறு வாரம் முன்பாவது வாருங்கள். முந்தைய மாலையில் நீட்டப்படும் படிவத்தில் எங்களால் கையொப்பமிட இயலாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது தந்த சுருக்கம், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தும், நடைப்பயிற்சிக் குறிப்பேடு ஆகியவற்றை எடுத்து வாருங்கள். மார்பில் குத்தும் எண் அட்டையின் பின்புறத்தில் நோய், மருந்து, இரத்த வகை, வீட்டாரின் கைப்பேசி எண் ஆகியவற்றை அழியாத மையால் எழுதிவிடுங்கள். இயன்றால் வீட்டாரில் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். டிரெட்மில் அறையில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம்.