மேலெழுதலும் மறைத்தலும்: செய்நிரலாக்கத்தில் தீர்மானிப்பது யார்?

பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் கற்கப் புகுவோர் மரபுரிமை என்னும் கருத்தை எளிதில் விளங்கிக்கொள்கின்றனர். தாய் வகுப்பிலுள்ள முறைகளைச் சேய் வகுப்புப் பெற்றுக்கொள்ளும். வேண்டுமிடத்து அவற்றைத் தனக்கேற்ப மாற்றியும் எழுதிக்கொள்ளும். இடர்ப்பாடு இதன் பின்னரே தோன்றுகின்றது. ஒரே பெயருடைய முறை இரு வகுப்புகளிலும் இருக்குமாயின், அழைப்பு வரும்போது எது இயங்கும்? மேலெழுதல், மறைத்தல் ஆகிய இரண்டையும் வேறுபடுத்துவது, இதனைத் தீர்மானிப்பது யார் என்னும் வினாவே என்பது எமது கருத்தாகும்.

ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பட்டியலைத் தயாரிக்கும் செய்நிரலை எடுத்துக்கொள்வோம். 'ஊழியர்' தாய் வகுப்பு; மாதச் சம்பளத்தைத் தரும் 'சம்பளம்' என்னும் முறை அதில் உண்டு. 'நாட்கூலியாளர்' சேய் வகுப்பு. வேலைசெய்த நாட்களை நாட்கூலியாற் பெருக்கும் வேறொரு 'சம்பளம்' இதில் எழுதப்பட்டுள்ளது. பட்டியலோ எல்லோரையும் 'ஊழியர்' என அறிவிக்கப்பட்ட ஒரே மாறியின் வழியாகவே அழைக்கின்றது.

மேலெழுதல் நிகழ்ந்திருப்பின், அம்மாறி உண்மையிற் சுட்டும் பொருள் எதுவோ அதுவே, செய்நிரல் இயங்கும் வேளையில், தீர்மானிக்கும்; தொழிலாளிக்கு அவருடைய கூலி கிடைக்கும். மறைத்தல் நிகழ்ந்திருப்பின், மாறியின் அறிவிக்கப்பட்ட இனத்தை மட்டும் நோக்கித் தொகுப்பான் முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிடும். நாட்கூலியாளருக்கும் மாதச் சம்பள விதியே பயன்படும். செய்நிரல் இடையில் நின்றுபோவதில்லை. பட்டியல் ஒழுங்காக அச்சாகி வரும். கூலி மட்டும் பிழைத்திருக்கும். அதே பொருளை 'நாட்கூலியாளர்' என அறிவித்த மாறியால் அழைத்துச் சோதிப்பவருக்கோ சரியான விடையே கிடைக்கும். தவறு நெடுங்காலம் ஒளிந்திருப்பது இதனாலேயாம்.

தீர்மானத்தைப் பொருளிடமே விடும் ஏற்பாடு, நோர்வேக் கணிப்பு நிலையத்தில் ஒலே-யொஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே 'வேர்ச்சுவல்' என்ற பெயரில் இடம்பெற்றது. (நைகார்ட் 1970களில் நோர்வேயின் உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து, வேலைத்தலங்களிற் கணனி புகுத்தப்படுவதை ஆராய்ந்தவர், எமது உதாரணம் அவருக்கு அந்நியமாக இருந்திராது.) சீ பிளஸ் பிளஸ் மொழியில் 'வேர்ச்சுவல்' எனக் குறித்தாலன்றி இவ்வசதி கிட்டாது, இயங்கும் வேளையில் முறையைத் தேடுதல் சிறிதளவேனும் செலவுடையது என்பதே காரணம். 1995இல் வெளிவந்த ஜாவா மறுதிசையிற் சென்றது. அங்கு சாதாரண முறைகள் பொதுவாக மேலெழுதப்படுவன. 'ஸ்ரட்டிக்' முறைகளும் தரவுப் புலங்களும் மறைக்கப்படுவன.

மறைத்தலைக் குறையென்றே ஒதுக்குதலும் பொருந்தாது. பிறர் எழுதிய வகுப்பொன்றிலிருந்து நாம் சேய் வகுப்பொன்றை அமைத்து, அதில் 'பதிவுசெய்' என்றொரு முறையை எழுதியிருக்கலாம். பின்னொரு பதிப்பில் அவர்களும் தாய் வகுப்பில் அதே பெயரை வேறு பொருளிற் சேர்த்துவிட்டால், பெயரொற்றுமை தற்செயலானதேயன்றி உறவன்று. அவர்களது உள் அழைப்புகள் எமது முறையில் வந்து முடிவது விபரீதம். சீ ஷார்ப் மொழி, சேய் வகுப்பில் 'ஓவர்றைட்' அல்லது 'நியூ' என நோக்கத்தை வெளிப்படக் கூறுமாறு வேண்டுவது இதன்பொருட்டே. எதுவும் கூறாவிடின் மறைத்தலெனக் கொண்டு எச்சரிக்கை விடுக்கும்.

ஜாவா 2004இலும், சீ பிளஸ் பிளஸ் 2011இலும் 'ஓவர்றைட்' என்னும் குறிப்பைச் சேர்த்துக்கொண்டன. இது கட்டாயமன்று, எனினும் பயில்வோர் தொடக்கத்திலிருந்தே எழுதிப் பழகுதல் நன்று. முறையின் பெயரில் ஓர் எழுத்துப் பிறழ்ந்தாலும், அது ஏற்கும் பெறுமானத்தின் இனம் மாறினாலும், மேலெழுதுவதற்குத் தாய் வகுப்பில் எதுவுமில்லை எனத் தொகுப்பான் அவ்விடத்திலேயே செய்நிரலை ஏற்க மறுத்துவிடும்.