"பிள்ளை எத்தனை கிலோ?"



இரவு நேரத்தில் லயத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால் பதுளை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் அது வளைந்து வளைந்து போகும் பாதை. அங்கே போய்ச் சேர்ந்ததும் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, "பிள்ளை எத்தனை கிலோ?" என்பது. "உயிர் ஊசலாடுது, இப்போ போய் கிலோ கேக்குறாங்களே" என்று தாய்மார் கோபப்படுவதுண்டு. அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்பதையே இம்முறை எழுதுகிறோம்.

பெரியவர்களுக்கு இதயம் நின்றுவிட்டால் அட்ரினலின் ஊசி எல்லாருக்கும் ஒரே அளவுதான். பிள்ளைகளுக்கு அப்படியல்ல. 4 கிலோ கைக்குழந்தைக்கும் 20 கிலோ பள்ளிப் பிள்ளைக்கும் மருந்து ஐந்து மடங்கு வித்தியாசப்படும். வலிப்பை நிறுத்தும் மருந்து கூடிப்போனால் மூச்சையே மந்தமாக்கிவிடும், குறைந்தால் வலிப்பு நிற்காது. மூச்சில்லாத பிள்ளையைத் தராசில் வைத்து நிறுக்கவும் முடியாது. பதற்றத்தில் கணக்குப் போடும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். படித்த டொக்டருக்கும் கை நடுங்கும் நேரம் அது.

இதற்காகத்தான் சட்டைப் பையில் வைக்கும் சின்ன அட்டைகளும் கைப்புத்தகங்களும் வந்தன. எத்தனை கிலோவுக்கு எவ்வளவு மருந்து, எந்த அளவுக் குழாய் என்று அவற்றில் முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சடித்திருக்கும். உலக சுகாதார நிறுவனமும் பிள்ளைகளின் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கென 2005 இல் ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. இவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு நாடா. அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த ஜேம்ஸ் புரோஸ்லோ என்ற டொக்டர் 1980களில் அதை உருவாக்கினார். பிள்ளையைப் படுக்கவைத்து, சிவப்பு முனையைத் தலையில் வைத்து நாடாவை நீட்டுவார்கள். குதிகால் எந்த நிறத்தில் முடிகிறதோ அந்த நிறமே கணக்கு. மஞ்சள் என்றால் 12 முதல் 14 கிலோ, மருந்தளவும் அதிலேயே இருக்கும். தையல்காரர் அளவெடுப்பதுபோலத்தான்.

ஆனால் நாடா எல்லா ஊருக்கும் ஒரேமாதிரிப் பொருந்துவதில்லை. சென்னையில் செய்து 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, 10 கிலோவுக்கு மேற்பட்ட இந்தியப் பிள்ளைகளின் எடையை நாடா கூட்டிக் காட்டுகிறது என்று கண்டது. வயதைக்கொண்டு போடும் கணக்கும் உண்டு: வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்க வேண்டும். மூன்று வயதுக்கு 14 கிலோ வரும். நம் லயத்தில் மூன்று வயதுப் பிள்ளை 11 கிலோவாகவும் இருக்கும். இலங்கையில் 2016 இல் நடந்த குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 100க்கு 17 பேர், தோட்டப் பகுதியில் 32 பேர். ஆகவே வயதுக் கணக்கு நம் பிள்ளைகளிடத்தில்தான் அதிகம் பிசகும்.

இதைவிட நம்பிக்கையான ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அது கிளினிக்கில் எடை எழுதித் தரும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு. கடைசியாக எழுதிய எடை ஓரிரு மாதத்துக்குள் எடுத்ததென்றால், டொக்டருக்கு அது எந்த நாடாவையும்விட உதவும். தடுப்பூசி விவரமும் அதிலேயே இருக்கிறது. நாங்கள் லயங்களுக்குப் போகும்போது பார்க்கிறோம், பல வீடுகளில் அது பிறப்புச் சான்றிதழோடு டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. சாவி கொழுந்து பறிக்கப்போன அம்மாவின் இடுப்பில்! பத்திரம் நல்லதுதான். ஆனால் இந்தப் புத்தகத்தை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கதவோரம் ஆணியில் மாட்டுங்கள். பாட்டிக்கும் அது தெரியட்டும். பிள்ளைக் காம்பராவில் விடும்போது கடைசி எடையை அங்கேயும் சொல்லிவையுங்கள்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது நம் வழக்கம், அதனால் பயன் இல்லை. வாயில் கரண்டியோ தண்ணீரோ வைப்பது ஆபத்து. உடனே 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய அச்சேவை இப்போது ஊவாவிலும் உண்டு. லய நம்பரைச் சொன்னால் அவர்களுக்கு விளங்காது. தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துச் சந்தி, இம்மூன்றையும் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு ரோட்டுக்கு அனுப்புங்கள். தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் ஒரு ஆள் ஓடட்டும். பிள்ளையைத் தூக்கும் கையோடு, ஆணியில் மாட்டிய பையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.